சைலன்சர் சூடும் நம் பிள்ளைகளின் காலும்



ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் அது சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள்தான். தூரத்தில் சத்தம் கேட்டதுமே மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கு யார் வருகிறார் என்று தெரிந்துவிடும். இன்று அப்படியில்லை. நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்து வாசல் தோறும் பைக் நிற்கிறது. பிள்ளையைப் பாடசாலைக்கு விடுவது, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்குவது, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, திருவிழாவுக்கும் யாத்திரைக்கும் போவது என்று எல்லாம் அதில்தான் நடக்கிறது.

இந்த வசதியோடு ஒரு காயமும் நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. வலது காலின் உட்பக்கம், முழங்காலுக்குக் கீழே, முட்டை வடிவத்தில் ஒரு கருத்த தழும்பு. அதைப் பார்த்ததும் "சைலன்சர் சுட்டதா?" என்று கேட்கும் அளவுக்கு அது பழகிப் போய்விட்டது. "லேசா பட்டிருச்சு, ஒண்ணுமில்ல" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் கெண்டைக்காலில் புண்ணோடு மலை ஏற முடியாது. பேர் விழுந்தால்தான் சம்பளம். ஒரு கிழமை வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மழையிலும் சேற்றிலும் அட்டைக்கடியிலும் நிற்கிற காலில் புண் சீக்கிரம் ஆறுவதுமில்லை. சிறு பிள்ளையின் மெல்லிய தோலில் பட்டால் அந்தத் தழும்பு ஆயுளுக்கும் நிற்கும்.

ஆகவே இந்த இதழின் பாடமாக மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்ச் சூட்டை எடுத்துக்கொள்கிறோம். சூடு எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது, சுட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சூடு எங்கிருந்து வருகிறது?

எஞ்சினுக்குள் பெற்றோல் எரிகிறது. அப்படி எரிவதால் உண்டாகும் சக்தி முழுவதும் சக்கரத்தைச் சுற்றப் போவதில்லை. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சுடுபுகையாகக் குழாய் வழியே வெளியே போகிறது. மிச்சம் எஞ்சினின் உடம்பில் ஏறி, அங்குள்ள உலோக இதழ்கள் வழியாகக் காற்றில் கலக்கிறது. அடுப்பில் எரிக்கிற விறகின் சூடு எல்லாம் சட்டிக்குப் போகாமல் பாதி புகைக்கூட்டில் போவதைப் போலத்தான் இதுவும்.

எனவே குழாய் சுடுவது பழுது அல்ல. பெற்றோல் எஞ்சின் உள்ளவரை அந்தச் சூடும் இருக்கும். நம்மால் செய்யக் கூடியவை இரண்டு. தேவைக்கு மேல் சூடு உண்டாகாமல் பார்க்கலாம். உண்டான சூடு மனிதத் தோலுக்கும், துணிக்கும், பெற்றோலுக்கும், காய்ந்த புல்லுக்கும் எட்டாமல் வைக்கலாம்.

எவ்வளவு சூடு என்று விளங்கிக்கொள்ள நமது தேயிலை பெக்டரியை நினைத்துப் பாருங்கள். கொழுந்தைக் காய வைக்கும் ட்ரையருக்குள் போகும் காற்றின் சூடு 90 முதல் 125 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அதன் கதவுக்குப் பக்கத்தில் நிற்கவே நமக்கு முகம் காந்துகிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினை விட்டு வெளியேறும் புகையோ 500 பாகையையும் தாண்டும். குழாயின் வெளித்தோல் அதைவிடக் குறைவுதான். ஆனாலும் எஞ்சினுக்கு அருகே உள்ள வளைவு 300 பாகைக்கும் மேலே போவதுண்டு. பின்னாலுள்ள தடித்த சைலன்சர் பகுதி அவ்வளவு சுடாவிட்டாலும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் "சுர்ர்" என்று ஆவியாகிற சூடு அதில் இருக்கும்.

2. தோல் தாங்கும் அளவு என்ன?

1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மொரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் எந்தச் சூடு எவ்வளவு நேரத்தில் தோலைச் சுடுகிறது என்று அளந்து எழுதினார்கள். வைத்தியர்கள் இன்றும் அந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். 44 பாகைச் சூடு தோலைக் கெடுக்கச் சுமார் 6 மணித்தியாலம் வேண்டும். 60 பாகையானால் சுமார் 5 செக்கன் போதும். 70 பாகையானால் ஒரே செக்கன்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. சூடு கொஞ்சம் கூடினால் நேரம் மிகவும் சுருங்கிவிடுகிறது. 100 பாகைக்கு மேலே உள்ள இரும்பில் கால் பட்டால், "சுடுதே" என்று உணர்ந்து காலை எடுப்பதற்குள் தோல் வெந்துவிடும். "பட்டா உடனே எடுத்துக்கலாம்" என்ற பேச்சு சைலன்சரிடம் எடுபடாது. பிள்ளைகளின் தோல் நம் தோலை விட மெல்லியது. அவர்களுக்கு அந்த நேரம் இன்னும் குறைவு. பயத்தில் காலை எங்கே எடுப்பது என்று தெரியாமல் அழுத்திக்கொண்டு நிற்பதும் உண்டு.

சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்களுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரை கால் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைக் குறைத்துவிடும். கால் குழாயில் பட்டுக்கொண்டிருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து காலைப் பார்க்கும்போதுதான் கொப்புளம் தெரியும். அந்தப் புண் ஆறுவதும் கஷ்டம்.

3. மலைப் பாதையில் சூடு ஏன் கூடுகிறது?

நமது நாவலப்பிட்டிக்கு 1874 இல் ரயில் வந்தது. அங்கிருந்து ஹட்டனுக்குப் பாதை போட்டு முடிக்க 1884 ஆகிவிட்டது. நாவலப்பிட்டி ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 அடி உயரத்தில் உள்ளது. ஹட்டன் 4,100 அடியை ஒட்டியது. ரயில் பாதையில் 44 அடி தூரத்துக்கு 1 அடி உயரம் என்று ஏறும் இடங்கள் உண்டு. அந்த ஏற்றத்துக்கே ரயில் முக்கி முனகிப் போவதை நாம் கேட்டிருக்கிறோம். கினிகத்தேனைப் பக்கமும் தொலஸ்பாகைப் பக்கமும் போகிற ரோட்டுகளிலும், ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுகிற தோட்டத்துப் பாதைகளிலும் பல இடங்களில் ஏற்றம் அதைவிடக் கடுமையானது.

நமது சிறிய பைக்குகளில் பெரும்பாலானவை காற்றால் குளிர்பவை. ஓடும்போது முன்னிருந்து வரும் காற்றுத்தான் எஞ்சினையும் குழாயையும் ஆற்றுகிறது. ஏற்றத்திலே என்ன நடக்கிறது? இரண்டு மூன்று பேர் ஏறியிருக்கிறோம். முதலாம் இரண்டாம் கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, பெற்றோல் அதிகம் எரிகிறது, சூடும் அதிகம் உண்டாகிறது. வண்டியோ மெதுவாக ஊர்கிறது. காற்று போதாது. உண்டாகும் சூடு கூட, ஆற்றும் காற்றுக் குறைகிறது.

அடுத்ததை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வந்து வண்டியை நிறுத்தியதும் காற்று முற்றாக நின்றுவிடுகிறது. குழாயின் உள்ளே உள்ள சூடு மெல்ல வெளித்தோலுக்கு வருகிறது. ஓடும்போது காற்றில் ஓரளவு ஆறியிருந்த வெளித்தகடு, நின்ற பிறகு இன்னும் சூடேறலாம். நாம் இறங்குவதும் பிள்ளையை இறக்குவதும் அந்த நேரத்தில்தான். எஞ்சினை அணைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைப்பது தவறு. அணைத்து அரை மணித்தியாலம் வரைக்கும் சைலன்சரைச் சுடுகிற அடுப்பாகவே நினைக்க வேண்டும்.

4. தேவையற்ற சூட்டைக் குறைக்கும் பராமரிப்பு

2020 ஆம் ஆண்டு நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் சாதாரண மக்களுக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கின. அந்த இடைக்காலத்தில் பழைய பைக்கையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். இன்றும் பல வீடுகளில் நிற்பது அந்தப் பழைய பைக்தான். பழைய வண்டியில் பின்வருவனவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சிலவற்றை நாமே பார்க்கலாம், சிலவற்றுக்குக் கராஜ் பாஸிடம் போக வேண்டும்.

நாமே பார்க்கக் கூடியவை:

எஞ்சினின் இதழ்களுக்கு இடையே சேறு காய்ந்து அடைத்திருந்தால், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பழைய பற்தூரிகையாலும் தண்ணீராலும் கழுவுங்கள். சேறு போர்வை மாதிரி சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

எஞ்சின் ஒயில் மட்டத்தைக் கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள். ஒயில் தேய்மானத்தைத் தடுப்பதோடு சூட்டையும் சுமந்து வெளியேற்றுகிறது.

பிரேக் பிடித்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் இலகுவாகச் சுற்ற வேண்டும். பிரேக்கோ செயினோ இறுகி இருந்தால் எஞ்சின் வீணாகப் பாடுபட்டுச் சூடாகும்.

குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா, "டப் டப்" என்று காற்று அடிக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அங்குள்ள கேஸ்கட் போய்விட்டது. அந்த ஓட்டை வழியாகச் சுடுபுகை ஓட்டுபவரின் காலுக்கே நேராக அடிக்கும்.

பாஸிடம் சொல்லிப் பார்க்க வேண்டியவை:

பெற்றோலுக்கும் காற்றுக்கும் உள்ள அளவு சரியாக இருக்க வேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிக்கலாம் என்று காபரேட்டரில் அளவுக்கு மீறிக் குறைத்தால் எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருந்தாலும் இதே கதைதான்.

நெருப்புப் பொறி நேரம் பிந்தி விழுந்தால், பெற்றோல் எரிந்து முடியாமலே குழாய்க்குள் தள்ளப்பட்டு அங்கேயும் எரியும். வால்வு இடைவெளி இல்லாமல் இறுகினால் புகை வால்வு முழுவதும் மூடாது. சுடுபுகை ஒழுகி வால்வே கருகிவிடும். அந்தச் செலவு பெரிய செலவு.

குழாயின் நிறமும் நமக்குச் செய்தி சொல்லும். கவ்வாத்துக் கத்திக்குப் பதம் வைக்கும் கொல்லர் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டை அறிவார். வெறும் உருக்கு ஏறக்குறைய 220 பாகையில் வைக்கோல் நிறமாகும், 300 பாகையளவில் நீலமாகும். எஞ்சினுக்கு அருகே குழாய் கொஞ்சம் நீலம் பூத்திருப்பது வழமை. அந்த நீலம் நாளுக்கு நாள் பின்னோக்கிப் படர்ந்தால், அல்லது இருட்டில் பார்க்கும்போது குழாய் சிவந்து தெரிந்தால், உடனே வண்டியை நிறுத்திப் பாஸிடம் காட்டுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பிமாரே, சத்தம் "கெத்தா" வர வேண்டும் என்று சைலன்சரின் உட்பாகத்தை வெட்டி எடுப்பதும், அழகுக்காகக் காப்புத் தகட்டைக் கழற்றிப் போடுவதும் வேண்டாம். நீங்கள் கழற்றுகிற தகடு உங்கள் தங்கச்சியின் காலுக்கும் உங்கள் அம்மாவின் சேலைக்கும் போட்ட வேலி.

5. காப்புத் தகடு: என்ன, எப்படி?

பெரும்பாலான பைக்குகளில் சைலன்சரின் மேல் ஒரு தகடு பொருத்தப்பட்டு வருகிறது. அது குழாயை ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக் காற்றுத்தான் உண்மையான காப்பு. சூடான தேத்தண்ணிக் கோப்பையை நேரே பிடித்தால் சுடுகிறது, காதைப் பிடித்தால் சுடுவதில்லை அல்லவா? அதே முறைதான்.

கிரேக்க நாட்டில் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புகைக்குழாய்க் காயங்கள் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, வலது காலில் ஏற்படுவதைக் கண்டார்கள். நீண்ட காற்சட்டை அணிவதும், குழாயிலிருந்து போதிய தூரம் விலகி நிற்கும் தகடு பொருத்துவதும், இடப்பக்கமாக ஏறி இறங்குவதும் இக்காயங்களைக் குறைக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். நமது தோட்டத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

தகடு உடைந்திருந்தாலோ துருப்பிடித்து விழுந்திருந்தாலோ அதே மாதிரிக்குரிய தகட்டை வாங்கிப் போடுவதே நல்லது. கிடைக்காவிட்டால் பாஸிடம் சொல்லிச் செய்விக்கலாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

துருப்பிடிக்காத உருக்குத் தகடு சிறந்தது. அது சூட்டை மெதுவாகவே கடத்தும்.

குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலமாவது இடைவெளி இருக்கட்டும். மேலும் கீழும் காற்றுப் போக வழி இருக்கட்டும்.

பொருத்தும் இடங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒவ்வோர் ஆணியும் சூடு ஏறிவரும் பாலம். ஆணித் தலை வெளியே துருத்தி நிற்கக் கூடாது.

விளிம்பை உள்ளே மடித்துவிட வேண்டும். கூரைத் தகரத்தை வெட்டி அப்படியே கட்டினால், சூட்டுக்குப் பதில் வெட்டுக்காயம்தான் கிடைக்கும்.

பின்னால் இருப்பவரின் கால் எட்டும் இடம் முழுவதையும் தகடு மூட வேண்டும். தகடு போட்டாலும் அது ஆறினதாக நினைக்கக் கூடாது. தகடும் சுடும், ஆனால் குழாயைப் போல் சுடாது.

செய்யக் கூடாதவையும் உண்டு. துணி, சாக்கு, ரப்பர் எதையும் குழாயில் சுற்றாதீர்கள். ஒயில் பட்டால் பற்றி எரியும். எங்காவது கிடக்கும் பழைய அஸ்பெஸ்டஸ் கயிற்றை எடுத்துச் சுற்றவே வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடங்களுக்குப் பிறகு புற்றுநோய் கொடுக்கும். கடையில் விற்கும் சூடு தாங்கும் பட்டியும் நம் நாட்டு மழைக்கு அவ்வளவு உகந்ததல்ல. ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைத் துருவாக்கிவிடும்.

6. ஏறுவதும் இறங்குவதும்

நமது பாதைகளில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலும் சைலன்சர் வலப்பக்கம் இருக்கிறது. சில பெரிய பைக்குகளில் இரண்டு பக்கமும் இருக்கும். முதலில் உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டிக்கொடுங்கள்.

வலப்பக்கம் சைலன்சர் உள்ள வண்டியில் எப்போதும் இடப்பக்கமாக ஏறி, இடப்பக்கமாகவே இறங்குங்கள். ரோட்டின் இடது ஓரத்தில் நிறுத்தி இடப்பக்கம் இறங்கினால் பின்னால் வரும் பஸ்ஸிலிருந்தும் தப்பலாம். ஒரே பழக்கத்தில் இரண்டு பாதுகாப்பு.

ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றி வண்டியை நேராகப் பிடித்து, "ஏறுங்க" என்று சொன்ன பிறகே மற்றவர் ஏற வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. வண்டி சரிந்தால் வலக்கால் தானாகவே சைலன்சரில்தான் போய்ப் படும்.

பிள்ளையின் பாதம் கால்மிதியை எட்டாவிட்டால் கால் தொங்கிக்கொண்டு குழாயைத் தேடும். அப்படிப்பட்ட பிள்ளையைப் பைக்கில் ஏற்றாமல் இருப்பதே மேல். பெற்றோல் தாங்கியின் மேல் முன்னால் உட்கார வைப்பதும் தீர்வல்ல. அங்கே பிள்ளையின் கால் எஞ்சின் தலைக்கும் குழாயின் மிகச் சூடான வளைவுக்கும் பக்கத்தில் தொங்குகிறது.

உடுப்பையும் கவனியுங்கள். நீண்ட காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் நல்லது. பாடசாலைச் சீருடையில் போகும் பெண்பிள்ளைக்கு உள்ளே ஒரு நீண்ட காற்சட்டை போட்டுவிடலாம், பாடசாலைக்குப் போய்க் கழற்றிக்கொள்ளட்டும். சேலை முந்தானை, துப்பட்டா, மழைக் கோட் ஆகியவற்றின் நுனியை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பொலித்தீன் மழைக் கோட் குழாயில் பட்டால் உருகும். உருகிய பொலித்தீன் தோலில் ஒட்டினால் எளிதில் வராது.

அக்காமாரே, பின்னால் இருப்பவர்களுக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம் என்பதையும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்துகிறோம்.

7. நிறுத்தும் இடம்

லயத்து இஸ்தோப்பு குறுகலானது. பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். பைக்கை அங்கே நிறுத்துவதானால் சைலன்சர் உள்ள பக்கத்தைச் சுவருக்கு வைத்து நிறுத்துங்கள். பக்க ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கச் சைலன்சர் தூக்கிக்கொண்டு நிற்கும். தவழ்கிற, நடை பழகுகிற பிள்ளையின் கைக்கு அது நேராக எட்டும்.

அறைக்குள்ளும், கதவடைத்த இடத்திலும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி விடாதீர்கள். புகையில் உள்ள காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை அப்படியே கொன்றுவிடும்.

2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் கானிலும் போத்தலிலும் பெற்றோல் சேர்த்து வைத்தார்கள். அந்தப் பழக்கம் சில இடங்களில் இன்னும் விடவில்லை. சூடான வண்டிக்குப் பக்கத்திலோ குசினியிலோ பெற்றோல் வைக்காதீர்கள். பைக்கில் பெற்றோல் கானைக் கட்டித் தொங்கவிட்டு வருவதும் ஆபத்து.

தை, மாசி, பங்குனி மாதங்களில் வெயில் எறிக்கும்போது மானாப் புல் காய்ந்து கிடக்கும். சூடான பைக்கை அதன் மேல் நிறுத்தினால் குழாயின் அடிப்பக்கச் சூட்டில் புல் பற்றிக்கொள்ளலாம். காற்றும் சேர்ந்தால் தீ தேயிலை மலைக்கும் லயத்துக்கும் வந்துவிடும். மண் தரையில் அல்லது கல் பாவிய இடத்தில் நிறுத்துங்கள்.

8. நெடும்பயணம் போகும்போது

மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். நமது பகுதியிலிருந்து பலர் கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பைக்கிலேயே போகிறார்கள். புறப்படும் முன் ஒயில், பிரேக், காப்புத் தகடு மூன்றையும் பாருங்கள். பின்னால் கட்டும் பை சைலன்சரில் படாமல் கட்டுங்கள். போர்வையும் குளிர் ஜக்கெட்டும் கருகுவது பெரும்பாலும் கட்டு தளர்ந்து தொங்குவதால்தான்.

ஏற்றத்தில் அரைக் கிளச் பிடித்துக்கொண்டு இழுக்காமல், தகுந்த கியரில் ஒரே சீராகப் போங்கள். வண்டி இழுக்கத் திணறினால், எஞ்சினில் "டிக் டிக்" என்று தட்டுகிற சத்தம் வந்தால், ஓரமாக நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான எஞ்சினிலும் குழாயிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரும்பு வெடிக்கலாம், ஆவி கிளம்பிக் கையையும் முகத்தையும் அவித்துவிடும்.

இறக்கத்தில் பெற்றோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு வருவது வேண்டாம். வண்டியின் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, இந்த முறை பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்னக் கியரில் எஞ்சினோடு இறங்குங்கள்.

9. சுட்டுவிட்டால் முதலில் என்ன செய்வது?

இந்தப் பகுதியை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

செய்ய வேண்டியவை:

(அ) உடனே பீலித் தண்ணீருக்குக் கூட்டிப் போங்கள். சுட்ட இடத்தில் ஓடுகிற குளிர்ந்த தண்ணீர் 20 நிமிடம் படட்டும். ஒரு தடவை ஊற்றி விடுவது போதாது. பீலி இல்லாவிட்டால் சுத்தமான வாளித் தண்ணீரைக் கோப்பையால் தொடர்ந்து ஊற்றுங்கள். தாமதமாகிவிட்டாலும், சுட்டு 3 மணித்தியாலத்துக்குள் இதைச் செய்தால் பலன் உண்டு.

(ஆ) கைக்குழந்தையாக இருந்தால் சுட்ட இடத்தை மட்டும் நனையுங்கள். உடம்பின் மற்றப் பகுதியைப் போர்வையால் மூடிச் சூடாக வைத்திருங்கள். நம் மலைக் குளிரில் இது முக்கியம்.

(இ) கொலுசு, சப்பாத்து, இறுக்கமான துணி ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிக்கொண்டதை இழுக்காதீர்கள்.

(ஈ) பிறகு சுத்தமான, பஞ்சு ஒட்டாத துணியால் தளர்வாக மூடுங்கள்.

செய்யக் கூடாதவை:

பற்பசை, தேங்காய் எண்ணெய், முட்டை வெள்ளை, தேயிலைத் தூள், உப்பு, மண் எதையும் பூசாதீர்கள். பற்பசை குளுகுளு என்று இருக்குமே தவிரச் சூட்டை வெளியே விடாது. புண்ணில் கிருமியும் சேரும், வைத்தியர் அதைச் சுரண்டி எடுக்கும்போது வேதனை இரட்டிப்பாகும். ஐஸ் கட்டியும் வைக்காதீர்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள்.

வைத்தியசாலைக்கு எப்போது போக வேண்டும்? சுட்ட இடம் அந்தப் பிள்ளையின் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தால். முகம், கை, பாதம், மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தால். தோல் வெள்ளையாகவோ கருகியோ இருந்து வலியே தெரியாவிட்டால். கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை வியாதிக்காரர் என்றால். இரண்டு மூன்று நாளில் சீழ், காய்ச்சல், சிவப்பு படர்ந்தால். வலி தெரியாத சூட்டுக் காயம்தான் ஆழமான காயம், அதைக் கண்டு ஆறுதல் அடையாதீர்கள். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் அதையும் கேளுங்கள். சிறு காயமானாலும் தோட்ட வைத்திய உதவியாளரிடம் ஒரு தடவை காட்டுவது நல்லது. அவசரமானால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலையும் நமக்கு அருகில்தான் இருக்கிறது.

10. மீட்டல்

வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்:

நமது வண்டியில் சைலன்சர் எந்தப் பக்கம் இருக்கிறது? எந்தப் பக்கமாக ஏறி இறங்க வேண்டும்?

எஞ்சினை அணைத்த பிறகு எவ்வளவு நேரம் கிட்டப் போகக் கூடாது?

காப்புத் தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் இடைவெளி எதற்கு?

சுட்டால் முதலில் ஓட வேண்டியது பற்பசைக்கா, பீலிக்கா? எத்தனை நிமிடம்?

சரியான விடை சொல்கிற பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது தகட்டின் ஆணிகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், நிறுத்தும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் காசு செலவில்லை. வாசிக்கத் தெரியாத பாட்டன் பாட்டிக்கும், பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற அக்காமாருக்கும் இந்தப் பாடத்தை யாராவது வாசித்துக் காட்டினால் எமக்குப் பெரிய சந்தோஷம்.

வண்டி நமக்கு உழைக்கட்டும். அதன் சூடு அதனோடே இருக்கட்டும்.